செம்மண்ணில் ஒரு மடக்கு போன்

பென்னாகரம் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து இண்டூரில் வந்து இறங்குகிறவரின் சட்டைப்பையில் போன், டிக்கெட், சில்லறையோடு கொஞ்சம் மண்ணும் இருக்கும். கோடையில் அது கண்ணுக்கே தெரியும். மற்ற மாதங்களில் பையைப் புரட்டி உதறினால் தெரியும். தருமபுரி மாவட்டத்தின் பெரும்பகுதி செம்மண் பூமி. கிரானைட், நைஸ் போன்ற பழம்பாறைகள் வெயிலிலும் மழையிலும் கணக்கில்லாத காலம் கிடந்து உதிர்ந்ததில் பிறந்த மண். சிவப்பு, இரும்புத் துரு கொடுத்த நிறம். பாறையில் இருந்த மற்ற கனிமங்கள் நீரோடு வினைபுரிந்து களியாகிவிட, எதற்கும் அசையாமல் மிஞ்சி நிற்பது குவார்ட்ஸ் மணல்.

ஒரு பொருள் இன்னொன்றைக் கீறுமா, கீறாதா என்பதை மட்டும் பார்த்துக் கனிமங்களை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தியவர் ஃபிரெட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியர். 1812இல் அவர் போட்ட வரிசை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மாக்கல்லுக்கு 1, வைரத்துக்கு 10. நம் விரல் நகம் சுமார் இரண்டரை. குவார்ட்ஸ் 7. சாதாரண செல்போனின் முகக்கண்ணாடி 6க்குப் பக்கத்தில் நிற்கிறது. சாவிக்கொத்து கீறாத கண்ணாடியைப் பைக்குள் இருக்கும் மண் கீறிவிடுவது இதனால்தான். மடக்கு போனை விரித்தால் விரல் போய்ப் படுகிற உள்திரையின் மேல்தோல் என்ன தெரியுமா? பிளாஸ்டிக் படலம். மோஸ் வரிசையில் நம் நகத்துக்குப் பக்கத்தில் உட்கார வேண்டிய பொருள்.

மடக்கு போன் வாங்கலாமா என்று இந்தப் பக்கத்தில் யார் கேட்டாலும் பேச்சைக் குவார்ட்ஸின் இந்த 7இலிருந்துதான் தொடங்க வேண்டும். எத்தனை லட்சம் முறை மடித்தாலும் தாங்கும் என்று விளம்பரம் சொல்கிறது. இண்டூரில் போனை மடிக்கிறவர் தனியாக மடிப்பதில்லை, மண்ணோடு சேர்த்து மடிக்கிறார்.

முதலில், கண்ணாடி எப்படி மடங்குகிறது என்று பார்த்துவிடுவோம். இந்தப் போனிலேயே உண்மையான அதிசயம் அதுதான். மற்றதெல்லாம் அந்த அதிசயத்துக்குக் கொடுக்கும் விலை.

எந்தத் தகட்டை வளைத்தாலும் அதன் வெளிப்புறம் நீள வேண்டியிருக்கிறது, உட்புறம் சுருங்க வேண்டியிருக்கிறது. நடுவில் ஒரு தளம் மட்டும் நீளாமலும் சுருங்காமலும் இருக்கும். வெளிப்புறம் எவ்வளவு நீளும் என்பதற்குச் சுலபமான கணக்கு உண்டு: தகட்டின் தடிமனை வளைவின் ஆரத்தைப் போல் இரண்டு மடங்கால் வகுத்தால் போதும். செல்போன் முகக்கண்ணாடி 0.6 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். அதை ஒன்றரை மில்லிமீட்டர் ஆரத்துக்கு மடக்கினால் 0.6ஐ 3ஆல் வகுக்க வேண்டும். விடை 20 சதவீதம். கண்ணாடி ஐந்தில் ஒரு பங்கு நீள வேண்டும். எந்தக் கண்ணாடியும் அப்படி நீண்டதில்லை. ஒரு சதவீதத்துக்கு முன்பே பெரும்பாலும் உடைந்துவிடும். அதே கண்ணாடியை 30 மைக்ரான், அதாவது 0.03 மில்லிமீட்டருக்கு மெலிதாக்கினால்? கணக்கு ஒரு சதவீதத்துக்கு இறங்குகிறது. நம் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பாதிதான் 30 மைக்ரான்.

மெலிந்தால் பலவீனமாகத்தானே வேண்டும் என்று தோன்றும். கண்ணாடி விஷயத்தில் அப்படி இல்லை என்பதை நூறாண்டுகளுக்கு முன்பே ஒருவர் கண்டுபிடித்தார். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் விமான ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த ஏ.ஏ. கிரிஃபித், கண்ணாடியை உருக்கி மெல்லிய இழைகளாக இழுத்து ஒவ்வொன்றையும் அறுத்துப் பார்த்தார். இழை மெலிய மெலிய, ஒரே குறுக்குப் பரப்புக்கு அது தாங்கும் இழுவிசை கூடிக்கொண்டே போனது. 1920இல் அவர் சொன்ன விளக்கம்: கண்ணாடி தன் இயல்பால் உடைவதில்லை, அதன் மேற்பரப்பில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளால் உடைகிறது. வெடிப்பின் முனையில் விசை குவிகிறது, அங்கிருந்து பிளவு ஓடுகிறது. மெல்லிய இழையில் பெரிய வெடிப்புக்கு இடமே இல்லை.

இன்றைய மடக்கு போனின் கண்ணாடிக்கு இன்னொரு வேலையும் செய்கிறார்கள். சூடான பொட்டாசிய உப்பில் அதை முக்கி எடுக்கிறார்கள். கண்ணாடியின் மேல்பரப்பில் இருக்கும் சிறிய சோடிய அயனிகள் வெளியேற, அந்த இடத்தில் பருத்த பொட்டாசிய அயனிகள் வந்து நெருக்கி உட்கார்ந்துகொள்கின்றன. மேல்பரப்பு எப்போதும் அழுத்தத்திலேயே இருக்கிறது. வெடிப்பு திறக்க வேண்டுமானால் முதலில் அந்த அழுத்தத்தை வெல்ல வேண்டும். சாதாரண செல்போன் கண்ணாடிக்கும் இதே வைத்தியம்தான், தடிமன்தான் வேறு.

இவ்வளவு மெல்லிய கண்ணாடியை முதலில் சுமந்துவந்த போன் 2020 பிப்ரவரியில் வந்த சாம்சங் கேலக்ஸி இசட் ஃப்ளிப். ஆனால் அந்தக் கண்ணாடியை, போனை வாங்கியவர் விரலால் நேரடியாகத் தொடவே முடியாது. வளைவதற்குத் தயாரான கண்ணாடி குத்துவதற்குத் தயாராக இல்லை. ஒரு மணல் துகளின் கூர்முனை ஓர் இடத்தில் அழுத்தினால் 30 மைக்ரானில் தாங்க என்ன இருக்கிறது? அதனால் மேலே பிளாஸ்டிக் படலம் ஒன்றை ஒட்டியே விற்கிறார்கள். அதை உரிக்கக் கூடாது. கண்ணாடித் திரை என்று அட்டைப்பெட்டி சொல்வது பொய்யல்ல, பாதி உண்மை.

கண்ணாடிக்குக் கீழே இருப்பதும் மடங்க வேண்டுமே. பழைய எல்சிடி திரையில் பின்னால் விளக்கு வேண்டும், திரவப் படிகத்தை இரண்டு தகடுகளுக்கு நடுவே மாறாத இடைவெளியில் நிறுத்த வேண்டும். மடித்தால் எல்லாம் கெட்டது. 1987இல் கோடக் ஆய்வகத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் உருவாக்கிக் காட்டிய ஓஎல்இடி வேறு சாதி. கரிம மூலக்கூறுகளின் மெல்லிய படலத்தில் மின்சாரம் பாய்ந்தால் அதுவே ஒளிரும். பின்விளக்கு தேவையில்லை. அந்தப் படலத்தைக் கண்ணாடிமேல் பூசாமல் பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக்கின்மேல் பூசினால் வளையும் திரை தயார். பாலிஇமைடைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அதன் பொறுமை. திரையின் டிரான்சிஸ்டர்களை உருவாக்கத் தேவைப்படும் 400 டிகிரியைத் தாண்டிய சூட்டையும் அது தாங்கும்.

இப்படிப் பல அடுக்குகள் இருந்தால் மொத்தத் தடிமன் மறுபடி ஏறிவிடாதா? ஏறும். அதற்கு ஒரு தந்திரம் உண்டு, வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து வளையுங்கள். சுலபமாக வளையும். ஓரத்தைப் பார்த்தால் பக்கங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் சாய்வாக நிற்கும். அதே நோட்டின் பக்கங்களையெல்லாம் ஒன்றோடொன்று ஃபெவிகால் போட்டு ஒட்டிக் காயவைத்துவிட்டால் அது பலகை, வளையாது. மடக்கு போனின் அடுக்குகளுக்கு நடுவே ஊற்றியிருப்பது இறுகாத, ஜெல்லி பதத்தில் நிற்கும் பசை. ஒவ்வோர் அடுக்கும் தன் அண்டை அடுக்கின்மேல் இம்மியளவு வழுக்கிக்கொள்கிறது. நீளாத, சுருங்காத அந்த நடுத்தளம் மொத்தத்துக்கும் ஒன்றாக இல்லாமல் ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனியாகக் கிடைத்துவிடுகிறது.

மடிப்பு விழும் இடத்தில் தெரியும் கோடு, எல்லோரும் முதலில் தடவிப் பார்ப்பது, இந்தப் பசையும் பிளாஸ்டிக்கும் விட்டுச்செல்லும் தடயம்தான். இந்தப் பாலிமர்கள் ரப்பரைப் போல் முழுதாகத் திரும்புவதில்லை, நேரம் கொடுத்தால் வளைந்த வடிவத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்கின்றன. சூட்டில் அந்தப் பழக்கம் வேகமாகும். இதைக் குறைக்கத்தான் கீலின் உள்ளே திரை நீர்த்துளி வடிவத்தில் சுருண்டு உட்காரும்படி செய்தார்கள். அங்கே ஆரம் பெரிதாகிறது, மேலே சொன்ன கணக்கின்படி நீட்சி குறைகிறது, இரண்டு பாதிகளும் நடுவில் சந்து இல்லாமல் ஒட்டி மூடுகின்றன. சாம்சங் இந்த வகைக் கீலுக்கு வந்தது 2023இல். சீன நிறுவனங்கள் அதற்கு முன்பே வந்துவிட்டன.

மண் கதைக்கு வருவோம். உலகத்தின் முதல் மடக்கு போன் என்று அறிமுகமானது ரோயோல் என்ற சீன நிறுவனத்தின் ஃபிளெக்ஸ்பை, 2018 அக்டோபர் கடைசியில். அந்த நிறுவனம் பின்னாளில் திவாலானது. உலகம் கவனித்தது 2019 பிப்ரவரி 20 அன்று சாம்சங் காட்டிய கேலக்ஸி ஃபோல்டைத்தான். ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவில் விற்பனை என்று அறிவித்திருந்தார்கள். அதற்குச் சில நாள் முன்பு விமர்சனம் எழுதக் கொடுத்த போன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. சிலர் மேல்படலத்தைக் கடையில் ஒட்டிவரும் பாதுகாப்பு ஸ்டிக்கர் என்று நினைத்து உரித்துவிட்டார்கள். அது திரையின் உறுப்பு. வேறு சில போன்களில் யாரும் எதையும் உரிக்கவில்லை. கீலின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் இருந்த சின்னச் சந்து வழியே ஏதோ துகள் உள்ளே போய்த் திரையைக் கீழிருந்து முட்டியது. விற்பனை தள்ளிப்போனது. தயாராகும் முன்பே அவசரப்பட்டு வெளியே தள்ளிவிட்டேன், வெட்கமாக இருக்கிறது என்கிற ரீதியில் அப்போதைய மொபைல் பிரிவுத் தலைவர் டி.ஜே. கோ பத்திரிகையாளர்களிடம் ஒப்புக்கொண்டார். பெரிய நிறுவனங்களின் தலைவர்கள் இப்படிப் பேசுவது அபூர்வம்.

செப்டம்பரில் திருத்திய போன் வந்தது. சந்துகளுக்கு மூடி, படலத்தின் ஓரங்கள் சட்டத்துக்கு அடியில் செருகப்பட்டிருந்தன, திரைக்குக் கீழே கூடுதல் உலோக அடுக்கு. அக்டோபரில் இந்தியாவுக்கு 1,64,999 ரூபாய் விலையில் வந்தது. அடுத்த ஆண்டு ஃப்ளிப்பின் கீலுக்குள் நைலான் முடிகளை நட்டு, மடிக்கும்போதெல்லாம் தூசியைப் பெருக்கித் தள்ளும்படி செய்தார்கள். வாசல் பெருக்குகிறவர்களுக்குத் தெரியும், துடைப்பம் குப்பையை ஒழிப்பதில்லை, தள்ளி வைக்கிறது.

லட்சக்கணக்கில் மடிக்கும் சோதனைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் ஃபோல்டுக்குச் சாம்சங் சொன்னது 2 லட்சம் மடிப்பு. நாளைக்கு நூறு முறை மடித்தால் ஐந்தரை ஆண்டு. சிநெட் என்ற அமெரிக்கத் தொழில்நுட்பச் செய்தி நிறுவனம் 2019இல் இயந்திரம் ஒன்றை வைத்து அதை மடித்துப் பார்த்தபோது ஏறக்குறைய 1,20,000 முறையில் போன் பழுதானது. 2020இல் மோட்டோரோலா ரேசர் 27,000 முறையிலேயே கீல் இறுகிச் சரியாக மடங்க மறுத்தது. இயந்திரம் போனைத் தவறாக மடக்கியது என்று மோட்டோரோலா பதில் சொன்னது. 2025இல் சாம்சங் டிஸ்ப்ளே தன் புதுத் திரை 5 லட்சம் மடிப்பைத் தாண்டியதாக அறிவித்தது. முன்னேற்றம் உண்மையானது, சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சோதனை நடந்த அறையின் வெப்பம் 25 டிகிரி. மே மாதம் மத்தியானம் பைக்கின் போன் ஸ்டாண்டில் மாட்டி, நல்லம்பள்ளியிலிருந்து இண்டூர் வருகிறவரின் போனுக்கு 25 டிகிரி எங்கே கிடைக்கும்? எந்தச் சோதனை இயந்திரத்திலும் மடிப்புக்கு மடிப்பு ஒரு சிட்டிகை செம்மண் தூவுவதாக நான் படித்ததில்லை.

தூசிக்கென்று அளவுகோல் இல்லாமல் இல்லை. அட்டைப்பெட்டியில் ஐபி என்று போட்டு இரண்டு எண் இருக்கும். முதல் எண் திடப்பொருளுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. பலரும் இரண்டாவதைத்தான் பார்க்கிறார்கள். 2021இல் வந்த சாம்சங் இசட் ஃபோல்டு 3க்கு ஐபிஎக்ஸ்8. தண்ணீருக்கு 8, நல்ல மதிப்பெண். தூசிக்கு எக்ஸ் என்றால் சோதனை முடிவு எதுவும் சொல்லப்படவில்லை என்று பொருள். 2024இல் ஃபோல்டு 6க்கு ஐபி48 வாங்கினார்கள். 4 என்றால் ஒரு மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள பொருள் உள்ளே போகாது. மண்ணியல்காரர்கள் மணல் என்று சொல்வதே 2 மில்லிமீட்டருக்குக் கீழே தொடங்கி 0.05 வரை இறங்குவது. காற்றில் பறந்து சட்டைப்பைக்கு வருவது அந்தக் கடைசிப் பகுதி. 4 என்ற எண்ணுக்கு அது தடையே இல்லாத வாசல். தூசி அறவே புகாது என்று சொல்ல 6 வேண்டும். மடக்கு போன்களில் அந்த 6ஐ முதலில் எட்டியது கூகுளின் பிக்சல் 10 புரோ ஃபோல்டு, 2025இல், ஐபி68. அதற்குக் கீலில் இருந்த பற்சக்கரங்களையே எடுத்துவிட்டார்கள்.

ஒகேனக்கல் போகிறவர்களும் இதைக் கவனிக்கலாம். இண்டூரைத் தாண்டித்தான் அந்தப் பஸ்கள் போகின்றன. பரிசலில் அருவிச் சாரல் தெறிப்பதால் 8 என்ற எண் இருக்கும் போன் சாவதில்லை. பரிசல் விட்டு இறங்கி ஆற்று மணலில் துண்டு விரித்து, அதன்மேல் விரித்த நிலையில் போனை வைக்கிற நிமிடம்தான் ஆபத்து. ஈரக் கை மணலைப் பிடித்துக்கொள்ளும், அதே கை போனை மூடும். மூடும்போது உள்ளே இருக்கும் ஒரே ஒரு துகள் போதும். தட்டைப் போனில் மணல் திரையின்மேல் கிடக்கிறது, துடைத்தால் போய்விடும். மடக்கு போனில் இரண்டு பாதியும் சேர்ந்து அதை நசுக்கி, நகத்தளவு கடினம் கொண்ட படலத்துக்குள் அழுத்துகின்றன.

உள்ளூர் மொபைல் கடையில் இதற்குப் பரிகாரம் இல்லை. சாதாரண போனுக்கு நூறு ரூபாய்க்கு டெம்பர் ஒட்டிக்கொண்டு, உடைந்தால் இன்னொன்று ஒட்டிக்கொள்ளலாம். கீறலைத் தன்மேல் வாங்கிச் சாவதற்கென்றே பிறந்த கண்ணாடி அது. மடங்கும் உள்திரைமேல் அதை ஒட்ட முடியாது. “இதுக்கு டெம்பர் வராதுங்கண்ணா, கம்பெனி சர்வீஸ்லதான் பாக்கணும்” என்று கடைக்காரத் தம்பி சொல்வார், சொல்வது சரி. காம்போ, அதாவது முழுத் திரைத் தொகுதி, மாற்றுவதும் அப்படித்தான். சாதாரண போனின் திரையைக் கடையிலேயே ஒரு மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். மடக்கு போனின் உள்திரையும் கீலும் ஒன்றாகத்தான் வரும். அதன் விலைக்கு நல்ல நடுத்தரப் போன் ஒன்றே புதிதாக வாங்கிவிடலாம்.

சரி, இவ்வளவு ஆபத்தையும் தாங்கிக்கொண்டு கிடைப்பது என்ன? பெரிய திரை. எவ்வளவு பெரிது என்பதை விளம்பரத்தை நம்பாமல் ஸ்கேலால் அளப்போம்.

இசட் ஃபோல்டு 7இன் உள்திரை 8 அங்குலம், ஏறக்குறையச் சதுரம். 151க்கு 136 மில்லிமீட்டர். இன்றைக்கு இருபதாயிரத்துக்குள் கிடைக்கும் பெரிய போன் ஒன்றின் திரை 6.8 அங்குலம், நீளவாக்கில் ஒடிசல். 157க்கு 71. பரப்பில் மடக்கு போன் 1.8 மடங்கு பெரிது. ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனால் யூடியூப் வீடியோ 16க்கு 9 என்ற விகிதத்தில் வருவது. சதுரத் திரையில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். கணக்குப் போட்டால் வீடியோவின் பரப்பு 1.4 மடங்குதான் கூடுகிறது. சினிமாஸ்கோப் படம் என்றால் இன்னும் வேடிக்கை. 2.35க்கு 1 என்ற அகலத்தில் எடுத்த படம் மடக்கு போனில் 151க்கு 64 மில்லிமீட்டர், சாதாரணப் போனைப் படுக்கவைத்தால் 157க்கு 67. நம் ஊர்ப் படங்களில் பெரும்பாலானவை ஸ்கோப்தான். ஒன்றேமுக்கால் லட்ச ரூபாய் போனில் படம், இருபதாயிரம் ரூபாய் போனில் தெரிவதைவிடச் சிறிதாகத் தெரிகிறது. கடையில் நின்று திரையை விரித்துக் காட்டும்போது இந்தக் கணக்கு யாருக்கும் ஞாபகம் வராது.

பக்கமாக வருவது எதுவோ, அங்கே மடக்கு போன் ஜெயிக்கிறது. ஏ4 தாளில் 12 புள்ளி எழுத்தில் அடித்த ஒரு பிடிஎஃப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் போனை நிறுத்திப் பிடித்து முழு அகலமும் தெரியும்படி வைத்தால் எழுத்து 4 புள்ளிக்குச் சுருங்கிவிடும். தமிழில் அது கொடுமை. ‘ஞ’வும் ‘ஞு’வும் ஒன்றுபோல் தெரியும், புள்ளி வைத்த மெய்யா வைக்காத உயிர்மெய்யா என்று கண்ணைச் சுருக்க வேண்டும். மடக்கு போனில் அதே எழுத்து 8 புள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. படிக்கலாம், பக்கத்தில் முக்கால்வாசி ஒரே பார்வையில் தெரியும். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளைகள் பள்ளிப் பாடப்புத்தகங்களைப் பிடிஎஃப்பாக இறக்கிவைத்துக்கொண்டு, இரண்டு விரலால் பெரிதாக்கி, இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தின் அருமை புரியும். நில அளவை வரைபடத்தை அரசு தளத்திலிருந்து எடுத்து, வரப்பில் நின்றுகொண்டு எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல்லுக்கு எத்தனை மீட்டர் என்று தேடுகிறவருக்கும் புரியும். பத்திரம் எழுதுகிறவர், சிறுகட்டடக் காண்ட்ராக்டர், இ-பேப்பரை விடாமல் படிக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் என்று ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது. ஒரு பக்கம் பட்டா, ஒரு பக்கம் வாட்ஸப் என்று இரண்டையும் அருகருகே வைத்து வேலை பார்க்க முடிவதும் அவர்களுக்கு உதவிதான்.

இந்தக் கூட்டத்துக்கும் ஒரு மாற்று இருக்கிறது, அதுதான் சிக்கல். 11 அங்குல டேப் ஒன்று பதினைந்து, இருபதாயிரத்துக்குக் கிடைக்கிறது. அதே ஏ4 பக்கம் அதில் தலை முதல் கால்வரை முழுதாகத் தெரியும், எழுத்து எட்டரைப் புள்ளி. மேலே கண்ணாடி, மடிப்பு இல்லை, கீல் இல்லை. சட்டைப்பையில் நுழையாது, அவ்வளவுதான். ஆக, மடக்கு போனுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் லட்சத்துச் சொச்சம் ரூபாய், டேப்பைச் சட்டைப்பைக்குள் நுழைப்பதற்கான கட்டணம். வேலை முழுக்க வெளியில், கையில் பையே வைத்துக்கொள்ள முடியாது, ஆனால் நாள் முழுக்கப் பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டும் என்கிறவருக்கு அந்தக் கட்டணம் கட்டுப்படியாகலாம். அப்படிப்பட்டவர் இண்டூரில் எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. நிறையப் பேர் இருக்க மாட்டார்கள்.

ஃபோல்டு 7 இந்தியாவில் 2025 ஜூலையில் வந்தபோது ஆரம்ப விலை 1,74,999 ரூபாய். அந்த நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் நாள்கூலி 336 ரூபாய். போனின் விலை ஏறக்குறைய 520 நாள் கூலி. ஆண்டுக்கு நூறு நாள் முழுதாகக் கிடைத்து, ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தாலும் ஐந்து ஆண்டு தாண்டும். இப்படி ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். கூலிக்காரரிடம் யாரும் இதை விற்கவில்லைதான். ஆனால் மாதத் தவணை என்ற ஒன்று வந்தபிறகு யாரிடம் எது விற்கப்படுகிறது என்பதற்கு எல்லை இல்லாமல் போய்விட்டது. இருபத்துநான்கு மாதத் தவணை முடிவதற்குள் ஒரு மணல் துகள் உள்ளே போய்விட்டால் தவணை நிற்காது. உலகம் முழுவதிலும் விற்கும் ஸ்மார்ட்போன்களில் மடக்கு போன் 2025இலும் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. ஏழு ஆண்டு விளம்பரத்துக்குப் பிறகும் நிலை இதுதான் என்றால், தயங்குவது இண்டூர் மட்டுமல்ல.

குறுக்கே மடங்கும் ஃப்ளிப் வகையின் கதை தனி. அது பெரிய திரை தருவதாகச் சொல்லவே இல்லை. சாதாரணப் போனையே பாதியாக மடித்துக் கொடுக்கிறது. விலையும் இறங்கியிருக்கிறது. மோட்டோரோலா ரேசர் 60 என்ற போன் 2025இல் 49,999 ரூபாய்க்கு வந்தது. குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிறவரின் சட்டைப்பையிலிருந்து நழுவி விழாது, பெண்களின் கைப்பர்ஸில் அடங்கும், மூடியே வைத்திருப்பதால் உள்திரை வெயிலையும் மண்ணையும் அதிகம் பார்ப்பதில்லை. சும்மா சும்மா திரையைத் தடவும் பழக்கமும் கொஞ்சம் குறைகிறது என்று வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள், ஒவ்வொரு முறையும் திறக்க வேண்டியிருப்பதால். எனக்கு இந்த வகையின்மேல்தான் கொஞ்சம் ஆசை. ஆனாலும் அதே பிளாஸ்டிக் தோல், அதே கீல். ஐம்பதாயிரத்துக்கு வாங்கும் தட்டைப் போனில் கேமராவும் பேட்டரியும் இதைவிட நன்றாக இருக்கும்.

எலக்ட்ரானிக்ஸ் நமக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. 2004 வரை இதே மாவட்டத்தில் இருந்து, பிறகு கிருஷ்ணகிரியோடு பிரிந்துபோன ஓசூர்ப் பக்கத்தில் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஐபோன் பாகங்களைச் செய்கிறது, இப்போது போனையே பொருத்துகிறது. சுற்று வட்டாரக் கிராமங்களின் இளம்பெண்கள் அங்கே வேலைக்குப் போகிறார்கள். தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 2024-25இல் 1,465 கோடி டாலரைத் தொட்டது. சாம்சங்கின் மடக்கு போன்கள் இந்தியாவில் நொய்டாவில் பொருத்தப்படுகின்றன. ஆனால் மடங்கும் திரை, போனின் விலையில் பெரும்பங்கை விழுங்கும் அந்தச் சமாசாரம், கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும்தான் வருகிறது. திரை இங்கே செய்யப்படும் காலம் வந்தால் உதிரிபாக விலை இறங்கும், உள்ளூர்க் கடைக்காரத் தம்பிக்கும் அதைத் தொடத் தைரியம் வரும். அதுவரை காத்திருப்பதில் நஷ்டமில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மனது கேட்காமல், பழைய மடக்கு போன் ஒன்று சேலத்திலோ பெங்களூரிலோ பாதி விலைக்கு வருகிறது என்று போகிறவர்கள் உண்டு. அவர்கள் கையில் வாங்கியதும் திரையை எரியவிடாமல் அணைத்து, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்க்கட்டும். மடிப்புக் கோட்டின் இரு முனைகளிலும் படலம் நூலளவு எழும்பியிருந்தாலோ உள்ளே காற்றுக் குமிழி தெரிந்தாலோ வேண்டாம். பாதி திறந்து நிறுத்தினால் அங்கேயே நிற்க வேண்டும், தானாகச் சரிந்தால் கீல் தளர்ந்துவிட்டது. காதருகே வைத்து மெல்லத் திறந்து மூடினால் நறநற என்று சத்தம் வரக் கூடாது. வந்தால் உள்ளே மண் குடியேறிவிட்டது. பிறகு திரையை முழு வெள்ளையாக எரியவிட்டு மடிப்பின் மேல் ஒற்றைக் கறுப்புக் கோடோ பச்சைக் கோடோ ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். படலத்தை எப்போது மாற்றினார்கள், சர்வீஸ் சென்டரில் மாற்றினார்களா, பில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பில் இல்லை என்றால் விலையில் பேரம் பேசாமல் போனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.